கிளவுடுக்குப் போன பீப்பாய்கள்

எனக்குக் கிளவுட் மீது எந்த விரோதமும் இல்லை. எங்கள் வீட்டுப் போட்டோக்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன.

எங்கள் மருந்துக் கம்பெனியின் கொள்முதல், கிடங்கு, தயாரிப்பு, விற்பனை எல்லாவற்றையும் நடத்திய மென்பொருள், மாடியில் இருந்த சர்வர் அறையில் ஓடிக்கொண்டிருந்தது. அதைக் கட்டிக் காத்தவன் நான். பிறகு முதலாளிக்கு மாப்பிள்ளை வந்தார். வாசனையான மனிதர். எதைக் கேட்டாலும் திரையில் படம் போட்டுக் காட்டுவார். முதல் படத்தில் மேகம், கடைசிப் படத்திலும் மேகம். நடுவில் அவருக்கே புரியாத அம்புக்குறிகள்.

“எல்லாத்தையும் கிளவுடுக்கு மாத்திடலாம்ண்ணே. சர்வர் ரூமை ஜிம் ஆக்கிடுவோம். நீங்க பழைய டேட்டாவை மட்டும் ஏத்திக் குடுங்க, மத்ததைப் பசங்க பாத்துப்பாங்க.”

முதலாளி தலையாட்டினார். மகளோடு சேர்த்து மூளையையும் கட்டிக்கொடுத்துவிட்டார் போலும்.

ஏற்றிக் கொடுத்தேன். ஒரு வரிகூடச் சிந்தவில்லை. ஒரே ஓர் இடத்தில் மட்டும் கைவைத்தேன். இருமல் மருந்துக்காக வந்த கிளிசரினில் சில பீப்பாய்கள் விஷம் கலந்தவை என்று சோதனையில் தெரிந்து, கிடங்கின் மூலையில் ஒதுக்கியிருந்தார்கள். பழைய மென்பொருளில் அவற்றுக்கு ‘ஆகாது’ என்று குறி. புதியதில் ‘ஆகும்’ என்று மாற்றினேன். இப்படி ஒரு குளறுபடி வெளியே வந்தால் மாப்பிள்ளையின் ஆட்டம் முடிந்துவிடும். குளறுபடி வெளியே வர, மருந்து வெளியே போக வேண்டும். இதில் குழப்பமே இல்லை.

கிடங்குக்காரர் மட்டும் போன் செய்தார். நல்ல மனிதர், யாராவது சொன்னால்தான் எச்சில்கூட விழுங்குவார்.

“சார், பீப்பாயில செவப்பு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கு. கம்ப்யூட்டர்ல எடுத்துக்கலாம்னு வருது. எதை நம்புறது?”

“கம்ப்யூட்டரை நம்புங்க. ஸ்டிக்கரைக் கிழிச்சிடுங்க” என்றேன்.

பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். பிள்ளைகளுக்குச் சிறுநீர் நின்றது. வார்டில் ஒரு கட்டிலில் இரண்டு பேரைப் படுக்கவைத்தார்கள். பலர் பிழைக்கவில்லை. மாப்பிள்ளை டிவியில் தேம்பித் தேம்பி அழுதார். அழுவதையும் அவர் சரியாகக் கற்றுக்கொள்ளவில்லை.

நான் அதோடு விட்டிருப்பேன். ஆனால் உங்கள் விசாரணை அறிக்கையைப் படித்தேன். ‘தரவு மாற்றத்தின்போது ஊழியரின் கவனக்குறைவால் நேர்ந்த பிழை’ என்று எழுதியிருக்கிறீர்கள். கவனக்குறைவாம். என் வேலையில். அதனால்தான் யாரும் கூப்பிடாமலே வந்து உட்கார்ந்திருக்கிறேன். தயவுசெய்து திருத்துங்கள். தெரிந்துதான் செய்தேன், சுத்தமாகச் செய்தேன்.

நம்பிக்கை வராவிட்டால் என் தங்கையைக் கேளுங்கள். அந்த வாரம் அவள் மகனுக்கும் இருமல். “எங்க கம்பெனி மருந்து மட்டும் வேண்டாம்மா, வேற எதாவது வாங்கு” என்று நான்தான் கூப்பிட்டுச் சொன்னேன். மருமகன் இப்போது நன்றாக ஓடியாடுகிறான். குழந்தைகள் விஷயத்தில் நான் என்றைக்குமே அஜாக்கிரதையாக இருந்ததில்லை.