பாஸ்டர், இன்னும் கண்ணை மூடாதீங்க

இல்ல பாஸ்டர், கண்ணை மூடாதீங்க. நீங்க கண்ணை மூடினா ஜெபம், ஜெபம் முடிஞ்சா ஆமென், ஆமென் சொன்னா செருப்பை மாட்டிட்டுக் கிளம்பிடுவீங்க. வீடு சந்திக்க வந்த போதகர் ஜெபம் பண்ணாம கிளம்ப மாட்டாருன்னு எனக்கும் தெரியும். அதனாலதான் சொல்றேன், நான் பேசி முடிக்கிற வரைக்கும் இந்த வீட்ல ஜெபம் கிடையாது. உக்காருங்க. பிஸ்கட் எடுத்துக்கோங்க. டீ வரும். ஒரு டீக்கு இவ்வளவு நேரமான்னு பாக்குறீங்கல்ல? அதுக்கும் காரணம் இருக்கு, வரேன்.

வாசல்ல நிக்கிறப்பவே அம்மாகிட்ட என்ன சொன்னீங்க? "அம்மா, அந்த ஸ்பாஞ்ச் செய்தி! நீங்க கொடுத்ததுலயே அதுதாம்மா சிறந்தது! வர்ற ஞாயித்துக்கிழமை சபை முன்னாடி நின்னு நீங்களே அதைப் பேசணும்!" அப்ப அம்மா முகத்தைப் பாத்தீங்களா? பாக்கல. நீங்க பிஸ்கட்டைப் பாத்தீங்க. "டீ போட்டுட்டு வரேன்"னு உள்ள போனவங்கதான், இன்னும் வரல. போங்க, போய் நீங்களே கேளுங்கன்னு சொல்லலாம்... வேணாம். முதல்ல என்னைக் கேளுங்க.

ஸ்பாஞ்ச் அப்பறம். அதுக்கு முன்னாடி இதெல்லாம் எங்க ஆரம்பிச்சுதுன்னு பாப்போம். உங்ககிட்டதான் பாஸ்டர்! ஆமா, நீங்கதான். "சகோதரிகளே, உங்க அன்றாட வீட்டு வாழ்க்கையில தேவன் பேசுறதைக் கவனிச்சுப் பாருங்க"ன்னு பிரசங்கத்தோட கடைசில போற போக்குல ஒரு வார்த்தை விட்டுட்டு நீங்க பாட்டுக்கு சாப்பிடப் போயிட்டீங்க. அம்மா வீட்டுக்கு வந்து கவனிக்க ஆரம்பிச்சாங்க. யாரை? என்னை!

"அடுப்படி தியானம்." பேரைப் பாருங்க. தினமும் காலைல, பாலை அடுப்புல வச்சுட்டு, ஃபோனை மசாலா டப்பா மேல சாய்ச்சு வச்சு, அந்தக் குரல்ல... அதுக்குன்னு ஒரு குரல் இருக்கு பாஸ்டர், எங்களைத் திட்டுற குரல் வேற, அது வேற... "அன்பான சகோதரிகளே, இன்னிக்கு எங்க வீட்ல..." அவ்வளவுதான். "எங்க வீட்ல"ன்னு கேட்ட உடனே நான் காதைப் பொத்திக்குவேன். நேத்து நான் என்ன உடைச்சேன், எதைத் தொலைச்சேன், எப்ப எந்திரிச்சேன்... அவ்வளவும் தேவ செய்தியா, குரல் பதிவா, நம்ம சபைப் பெண்கள் ஐக்கிய வாட்ஸப் குழுவுக்குப் போகும். என்னையும் அந்தக் குழுவுல சேத்து விட்டிருக்காங்க. ஆசீர்வாதமா இருக்குமாம். என் மானம் போறதை நானே சுடச்சுடக் கேக்கலாம், அந்த ஆசீர்வாதம்.

என் ஒத்தை சாக்ஸ் காணாமப் போச்சு. சாதாரண சாக்ஸ். அது பைபிள்ல வர்ற காணாமப்போன ஆடு ஆயிடுச்சு. அம்மா வாஷிங் மெஷினுக்கு அடியில குனிஞ்சு தேடினதும், கிடைச்சதும், சந்தோஷப்பட்டதும்... எல்லாம் செய்தி. ஞாயித்துக்கிழமை ஆலய வாசல்ல பொருளாளர் வீட்டம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "சாக்ஸ் திரும்பி வந்துருச்சாமே மகளே, ஸ்தோத்திரம்"ங்குறாங்க. கண்ல தண்ணி! நான் வருஷக்கணக்கா அந்த வாசல்ல வந்து போறேன், எனக்காக ஒருத்தர் கண்கலங்கினது கிடையாது.

சிரிக்காதீங்க பாஸ்டர், இது சிரிக்கிற விஷயம் இல்ல. சரி, சிரிங்க.

நான் தத்துவம் படிக்கிறேன். ஒரு உவமையைக் கையில குடுத்தா அது எந்த இடத்துல உடையும்னு தட்டிப் பாக்குறதுதான் என் படிப்பே. அம்மாவோட உவமை எல்லாம் தட்ட வேணாம், லேசா ஊதினாலே போதும். ஃபிரிட்ஜ் செய்தி ஞாபகம் இருக்கா? "கதவைத் திறந்தாதான் உள்ள வெளிச்சம் வருது, அப்படியே நம்ம இருதயத்தைத் திறந்தா..." நான் கேட்டேன், அம்மா, கதவைத் திறந்தே வச்சா உள்ள இருக்குற பால் கெட்டுப் போகுமே, அப்ப இருதயத்தைத் திறந்தே வச்சா உள்ள என்ன கெடும்னு கேட்டேன். நியாயமான கேள்விதானே? அதுக்குப் பதில் என்ன தெரியுமா? "முதல்ல அந்தக் கதவைச் சாத்துடி, கரண்டு வீணாகுது."

இது கூடப் பரவால்ல. அநியாயத்தைக் கேளுங்க. எங்க அப்பா குறட்டை விடுவாரு, பக்கத்து வீட்டுக் குழந்தை முழிச்சுக்கும். அன்னிக்கு இடி, மழை, ஜன்னல் எல்லாம் அடிச்சுக்குது, அப்பா மட்டும் அசையாம தூங்குறாரு. மறுநாள் செய்தி என்ன? புயல்ல படகுக்குள்ள அமைதியா தூங்கின இயேசுவாம்! எங்க அப்பா! அதே வாரம் லீவு நாள்னு நான் கொஞ்சம் வெயில் ஏறுற வரைக்கும் தூங்கிட்டேன். அதுக்கு? யோனா! கடவுள் சொன்ன வேலைக்கு டிமிக்கி குடுத்துட்டுக் கப்பலோட அடித்தட்டுல போய்ப் படுத்துக்கிட்டானே, அந்த யோனா. ஒரே வீடு, ஒரே தூக்கம், நடுவுல ஒரே ஒரு சுவரு. இந்தப் பக்கம் தூங்கினா இயேசு, அந்தப் பக்கம் தூங்கினா யோனா. ஆம்பள குறட்டை விட்டாக் கூட விசுவாசம், பொண்ணு புரண்டு படுத்தா கீழ்ப்படியாமை. இதுக்கு உங்க வேதாகமக் கல்லூரியில ஏதாவது பதில் வச்சிருக்கீங்களா?

கடிகாரத்தைப் பாக்காதீங்க. அது ஓடல. அதுவும் ஒரு செய்தியில வந்துருச்சு.

அப்பறம் நீங்க, பாஸ்டர். உங்களை விட்டுட்டேன்னு நினைச்சீங்களா? மார்த்தாள், மரியாள் பத்திப் பேசினீங்க. அக்கா மார்த்தாள் சமையல் வேலைன்னு ஓடிக்கிட்டே இருந்தா, தங்கச்சி மரியாள் வேலையெல்லாம் விட்டுட்டு ஆண்டவர் காலடியில உக்காந்து வசனம் கேட்டா, அவதான் நல்ல பங்கைத் தெரிஞ்சுக்கிட்டவன்னு உருகி உருகிப் பேசினீங்க. அப்ப எங்க அம்மா எங்க இருந்தாங்க தெரியுமா? ஆலயத்துக்குப் பின்னாடி, சமையலறையில. ஆராதனை முடிஞ்சு நீங்க எல்லாரும் டீ குடிக்கணும்ல, டம்ளர் கழுவிட்டு இருந்தாங்க. பாதி பெண்கள் ஐக்கியமே அங்கதான் நின்னுச்சு. ஸ்பீக்கர்ல உங்க குரல், குழாயில தண்ணி. மரியாளா இருக்கச் சொல்லி மார்த்தாளுங்களுக்குப் பிரசங்கம். இப்பவும் பாருங்க, நீங்க வந்திருக்கீங்க, அம்மா எங்க இருக்காங்க? ...ஆங், டீயை விட்டுட்டு வரச் சொல்லவா? இப்பவா? இப்ப மட்டும் எப்படித் தோணுது உங்களுக்கு!

சரி. ஸ்பாஞ்ச். வந்துட்டேன், வந்துட்டேன்.

போன வாரம் என் ஆய்வுக் கட்டுரையைப் பேராசிரியை திருப்பிக் குடுத்துட்டாங்க. ராத்திரி பகலா எழுதினது. முதல் பக்கத்துல மட்டும் சிவப்பு மை, மத்த பக்கமெல்லாம் சுத்தம். அதாவது, அதுக்கு மேல படிக்கவே இல்ல. நான் வீட்டுக்கு வந்து ஒருத்தர்கிட்டயும் சொல்லல. பாத்ரூம் கதவைச் சாத்தி, குழாயைத் திறந்து விட்டுட்டு, சத்தம் வெளிய வராம அழுதேன். சாப்பாட்டு நேரத்துக்கு முகம் கழுவிட்டு வந்து சிரிச்சேன். யாருக்கும் தெரியாதுன்னு நினைச்சேன்.

மறுநாள் காலைல... "அன்பான சகோதரிகளே, இன்னிக்கு எங்க வீட்ல, மூடின கதவுக்குப் பின்னாடி ஒரு குழாய் ரொம்ப நேரம் ஓடுச்சு. ஆனா, ஆண்டவர் நம்ம கண்ணீரைத் துருத்தியில, தன்னோட தோல் பையில, சேத்து வைக்கிறவர்..."

என் அழுகை பாஸ்டர்! அதைக் கூட விடல! காலேஜுக்குப் போற பஸ்ல, அதே குழுவுல இருக்குற தையல் கடை அக்கா பக்கத்துல வந்து உக்காந்து, முதுகைத் தடவி, "எல்லாம் சரியாயிடும் பாப்பா"ங்குறாங்க. பஸ்ஸே திரும்பிப் பாக்குது.

எனக்கு வந்த கோவம் இருக்கே... நேரா அம்மாகிட்ட போய்ச் சண்டை போட்டிருக்கணும். போடல. எனக்கு ஒரு தோழி இருக்கா, நாங்க ரெண்டு பேரும் சேந்தா உலகத்துல ஒருத்தரையும் விட்டு வைக்க மாட்டோம். அவளுக்கு அனுப்பலாம்னு, அம்மா குரலை அப்படியே... எனக்கு நல்லா வரும், ஃபோன்ல அப்பாவே ஏமாந்துடுவாரு... "அன்பான சகோதரிகளே, இன்னிக்கு எங்க வீட்ல, பாத்திரம் கழுவுற ஸ்பாஞ்சை ஆண்டவர் எனக்குக் காட்டினார். அது எல்லாருடைய அழுக்கையும் தன்மேல ஏத்துக்குது. பிழியப் பிழியக் குடுக்குது. கடைசில அதுவே நாறிப் போகுது. ஒருத்தரும் அதுக்கு நன்றி சொன்னதில்ல. கிழிஞ்சா குப்பை, மறுநாள் புதுசு. சகோதரிகளே, நாம ஸ்பாஞ்சா இருப்போமாக."

கிண்டல் பாஸ்டர்! சுத்தக் கிண்டல்! ஸ்பாஞ்சா இருக்கணும்னு யாராவது நிஜமா சொல்லுவாங்களா?

அனுப்பினேன். தோழிக்குப் போகல. மேல இருந்தது பெண்கள் ஐக்கியம்.

என்ன... தொண்டையில மாட்டிக்கிச்சா? தண்ணி குடிங்க. மெதுவா.

அழிக்கலாம்னு பாக்குறேன், அதுக்குள்ள மேல மேல ஆமென் வந்து விழுது. அம்மா ஏதோ என் ஃபோன்ல பேசி அனுப்பியிருக்காங்கன்னு நினைச்சுட்டாங்க. பொருளாளர் வீட்டம்மா, "அந்த ஸ்பாஞ்ச் நான்தான்"னு எழுதுறாங்க. தையல் கடை அக்கா பேசி அனுப்பினாங்க, பாதிக்கு மேல பேச்சே இல்ல, மூக்கை உறிஞ்சுற சத்தம்தான். உங்க வீட்டம்மா கூட பாஸ்டர்... சொல்லவா? வேணாம், நீங்களே போய்க் கேளுங்க. நான் யாரைக் கிண்டல் பண்ணேன், யாரு அழுதாங்கன்னு பாருங்க.

அம்மா கேட்டாங்க. இந்த இடத்துலதான், நின்னுக்கிட்டே, முழுசா கேட்டாங்க. நான் சோஃபா ஓரத்துல உக்காந்து அடி விழும்னு காத்துட்டு இருக்கேன். "குரல் நல்லா வந்திருக்கு"ன்னு மட்டும் சொன்னாங்க. தன் ஃபோனை எடுத்து அடுப்படி இழுப்பறையில போட்டாங்க. அன்னிக்குச் சாயங்காலம் கை கழுவப் போறேன், சிங்க்ல புது ஸ்பாஞ்ச் இருந்துச்சு.

அவ்வளவுதான். அன்னிலருந்து தியானம் கிடையாது. காலைல பால் பொங்குற சத்தம், குக்கர் சத்தம்... அதுக்கு நடுவுல ஒண்ணும் இல்ல. நேத்து நான் வேணும்னே ஒரு கப்பை உடைச்சேன் பாஸ்டர். சத்தியமா. அம்மா பாத்தாங்க, பெருக்கினாங்க, குப்பையில போட்டாங்க. உடைஞ்ச பாத்திரம்! குயவன் கை! எவ்வளவு இருக்கு பைபிள்ல! ஒரு வார்த்தை சொல்லல.

இப்ப நீங்க வந்து, அதுதான் சிறந்த செய்தின்னு சொல்லி, அதை அவங்க வாயாலயே சபை முன்னாடி பேசச் சொல்றீங்க. அவங்க வாழ்க்கை மேல நான் துப்பினதை அவங்க எடுத்து மைக்ல பேசணும். மாட்டேன்னு சொன்னா ஏன்னு கேப்பீங்க. ஏன்னு சொன்னா என்னைக் காட்டிக் குடுக்கணும். அதுக்குதான் அந்த டீ கொதிச்சுக்கிட்டே இருக்கு. மகளைக் காட்டிக் குடுக்காம இருக்கறதுக்கு ஒரு டீ எவ்வளவு நேரம்தான் கொதிக்கும் சொல்லுங்க.

அதனால நானே சொல்லிட்டேன். நான்தான். எங்க அம்மா என் மானத்தை வாங்குறாங்கன்னு வீடெல்லாம் கத்திக்கிட்டுத் திரிஞ்சேன், கடைசில யாரு யாரோட வாயை மூடினதுன்னு பாத்தீங்கல்ல? நீங்க போய் அந்த ஸ்பாஞ்ச் வேணாம்னு சொல்லுங்க. சாக்ஸைப் பேசச் சொல்லுங்க. யோனாவா இருந்தாலும் பரவால்ல, நான் முதல் வரிசையில உக்காந்து கேக்குறேன்.

சரி. இப்ப கண்ணை மூடிக்கலாம். ஜெபம் பண்ணுங்க. கொஞ்சம் நீளமாவே பண்ணுங்க, நானும் கண்ணை மூடிக்கிறேன்...

...

...மனசுக்குள்ளயா பண்றீங்க?

...பாஸ்டர்?

அட! ஆளைக் காணோம்! ஸ்கூட்டர் சத்தமா அது? ஜெபம் பண்ணாம கிளம்புன முதல் போதகர்! பிஸ்கட் மொத்தமும் காலி. ஹெல்மெட்டை வேற விட்டுட்டுப் போயிட்டாரு. நான் ஒரு பாவ அறிக்கை பண்ணிட்டு இருக்கேன், இவரு...

இரு, இரு. ஷ்ஷ். இழுப்பறை திறக்குற சத்தம்.

அம்மா பேசுறாங்க. யாருகிட்ட... அய்யோ. அந்தக் குரல். அதே குரல்! "அன்பான சகோதரிகளே, இன்னிக்கு எங்க வீட்ல..." நான் காதைப் பொத்தல. பேசட்டும், பேசட்டும். என்ன சொல்றாங்க... "...ஒரு ஊழியக்காரர் வந்தாரு. அவரைப் போக விடாம ஒருத்தி பிடிச்சு வச்சுக்கிட்டா..." அதுக்குள்ளயா! டீயோட ஆவி கூட அடங்கல, அதுக்குள்ள செய்தியா! "...யாக்கோபு அப்படித்தான். என்னை ஆசீர்வதிச்சாதான் விடுவேன்னு ராத்திரி முழுக்கத் தேவதூதனைப் பிடிச்சுக்கிட்டுப் போராடினான்..."

யாக்கோபா! நானா! சாக்ஸ்லருந்து யாக்கோபுக்கு வந்துட்டேனே... இரு, இன்னும் முடியல. "...அதுக்கு முன்னாடி அவன் வேற ஒருத்தன் மாதிரி வேஷம் போட்டு, கண்ணு தெரியாத அப்பாவை ஏமாத்தினவன்தான். வேஷம் எல்லாம் சரியா இருந்துச்சு சகோதரிகளே, ஆனா குரல் யாருதுன்னு வீட்டுல இருக்கறவங்களுக்குத் தெரியாதா? ஆண்டவர் அவனையும் கைவிடல..."

...

அம்மா! அந்தப் போராட்டத்துல தொடை சுளுக்கி அவன் நொண்டிக்கிட்டே போனான்ல, அதையும் சொல்லப் போறியா? அம்மா! ...சொல்றாங்க. அதையும் சொல்றாங்க.

இல்ல, ஒரு நிமிஷம். இந்த உவமையில எங்கயாவது ஓட்டை இருக்கணும். யாக்கோபு... குரல்... போக விடாம பிடிச்சது... இருக்கணுமே. எப்பவும் இருக்குமே...

ச்சே. ஒண்ணு கூட இல்ல.