ஷாந்தினியிடம் முதல் சாவி

இவ்விழாவுக்குத் தலைமையேற்றிருக்கும் பெரியவர் தம்புசாமி அவர்களே, பாச்சாங்கிலிருந்தும் பெம்பானிலிருந்தும் வெயிலைப் பொருட்படுத்தாமல் வந்திருக்கும் தாய்மார்களே, வெளியே நிற்கும் கார்களில் ஒரு கண்ணும் என் மீது ஒரு கண்ணுமாக இருக்கும் தம்பிமார்களே! பாட்ரீசியாவின் அன்பு வணக்கம்.

இன்று இந்தச் செங் ஊரில் ஷாந்தினி தமது சொந்தக் கார் பட்டறையைத் திறக்கிறார். அழைப்பிதழ் கண்ட பலரும் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "பொம்பளைகிட்ட காரக் குடுக்கலாமா லா?"

பதிலாக ஒரு காரின் வரலாற்றைச் சொல்கிறேன். பிஎம்டபிள்யூ மூன்றாம் வரிசையின் நான்காம் தலைமுறை, ஈ46. ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றெட்டில் நான்கு கதவுகளோடு வந்தது. பிறகு இரண்டு கதவோடு வந்தது, முதுகு நீண்டு வந்தது, கூரை மடக்கி வந்தது. அலுவலகத்துக்கும் ஆகும், ஆசைக்கும் ஆகும் என்று உலகெங்கும் ஓடி, அடுத்த தலைமுறைக்கு வழிவிட்டது. அதன் சிறப்பு எதில்? உறுமலிலா? மினுமினுப்பிலா? இல்லை! தன் எடையை முன்னும் பின்னும் ஏறக்குறையச் சரிபாதியாகச் சுமந்த நிதானத்தில்!

அதில் ஒன்றைப் பழையதாக வாங்கினேன். என் தம்பி டாரியஸ், இதோ மூன்றாவது வரிசையில் தலைகுனிகிறானே, அவன்தான், "ஸ்போர்ட்டியா இருக்கணும்க்கா" என்று சக்கரங்களுக்குப் பத்தொன்பது அங்குல ரிம் மாட்டினான். பார்த்தவர்கள் வியந்தார்கள், ஏறியவர்கள் நொந்தார்கள். பெம்பான் சாலையில் ஸ்டீயரிங் நடுங்கியது. மூன்று பட்டறைகளில் காட்டினேன், ஒரே தீர்ப்பு: "பழைய காரு மேடம், வித்துருங்க."

நான்காவது பட்டறையில் ஷாந்தினி வேலை பார்த்தார். அவரைத் தாண்டி எட்டிப் பார்த்து, "பாஸ் எங்கே?" என்று கேட்டேன். ஆம், நானேதான் கேட்டேன்! படித்த பெண், வங்கி அதிகாரி, நானே கேட்டேன். அது இன்றும் உறுத்துகிறது.

அவர் கோபிக்கவில்லை. பக்கத்து இருக்கையில் அமர்ந்தார், செருப்பைக் கழற்றினார், நடுக்கத்தை உணர வெறுங்காலைக் காரின் தரையில் பதித்தார். "ஓட்டுங்கக்கா. ரேடியோ வேணாம்." இரண்டே கிலோமீட்டர். ரிம் மாட்டியது யார் என்று கேட்டார், தம்பி என்றேன். "காருக்கு ஒண்ணுமில்லக்கா, ஒங்க தம்பிக்குத்தான் என்னமோ! பழைய ரிம் எங்க?"

எங்கே? வீட்டின் பின்னால், தோட்டத்து ரப்பர் குழாயைச் சுற்றிவைக்கும் உருளையாகக் கிடந்தது! சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள். அதைக் கழுவி, புது டயர் போட்டு மாட்டினார். அதே சாலை, அதே வளைவு, நடுக்கம் மட்டும் இல்லை! என்ன அண்ணே, பெரிய ரிம் எங்கேயா? இப்போது குழாய் அதில் சுற்றியிருக்கிறது!

அன்று என் கார் சமநிலைக்குத் திரும்பியது. என் மனமும் திரும்பியது. ஷாந்தினி, இதோ என் சாவி. இந்தப் பட்டறையின் முதல் கார் என்னுடையது. இரண்டாவது யாருடையது?

அதோ, டாரியஸ் எழுகிறான்! கையில் அவன் கார்ச் சாவி, அதிலும் பெரிய ரிம்தான்! என்ன சொல்கிறான், கேட்டீர்களா? "தர்றேன்க்கா, ரிம்ம மட்டும் கழட்டச் சொல்லாதீங்க!" ஷாந்தினி தலையாட்டுகிறார்... முடியாதென்று!

பொறுமையாகக் கேட்ட அனைவருக்கும் என் நன்றி. இனி இந்த வாசலில் நின்று "பாஸ் எங்கே?" என்று யாராவது கேட்டால், சொல்லுங்கள்: இதோ, செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கிறார்!

வணக்கம்!