குணா வந்துட்டானா?

– காடி எஞ்சினை அணைக்காதீங்க அண்ணே. கொஞ்ச நேரம் உக்காந்துட்டுச் சந்திரண்ணன் வீட்டுக்குள்ள போவோம்.

– நாசி கண்டார் சோறு ஆறிடும் நவமணி. மொய்தீன் கடையில வரிசையில நின்னு வாங்கியிருக்கேன். சூடா இல்லன்னா சந்திரன் தொட மாட்டான்.

– ஆறட்டும். இன்னிக்குச் சந்திரண்ணன்கிட்ட சொல்லிடப் போறேன்.

– என்னத்தை?

– எங்க வீட்டுக்காரரு செத்துட்டாருன்னு.

– இவ்வளவு நாளா சொல்லாததை இன்னிக்கு எதுக்குச் சொல்லணும்?

– ஆரம்பத்துல சொன்னோமே, மறந்துட்டீங்களா? அடுத்த வாரம் மறந்துடுவாரு. திரும்பக் கேப்பாரு, திரும்பச் சொல்லுவோம். ஒவ்வொரு வாட்டியும் அப்பதான் கேள்விப்பட்ட மாதிரி அழுதாரு. பாக்க முடியாமத்தான் 'ஃபெரி லேட்டு'ன்னு ஒரு நாள் சொல்லி வச்சேன்.

– நல்லாத்தானே போய்க்கிட்டு இருக்கு. அவன் 'குணா வந்துட்டானா'ம்பான். நீ 'ஃபெரி லேட்டு, வந்துருவாரு'ம்பே. அவன் சரின்னு சாப்பிட ஒக்காருவான். யாருக்கு என்ன சூசா, என்ன கஷ்டம்?

– ஞாயித்துக்கிழமை நான் ஜோகூருக்குப் போயிடுவேன், மக மோகனா வீட்டோட. அடுத்த வியாழக்கிழமை அவரு கேட்டா யாரு பதில் சொல்றது?

– நான் இருக்கேன்லா.

– நீங்களா? நீங்க பொய் சொல்வீங்களா?

– அது இருக்கட்டும்... நீ பினாங்க விட்டுப் போறதை அவன்கிட்ட சொல்லிட்டியா?

– அது சின்ன விஷயம். அப்புறம் பாத்துக்கலாம். நீங்க பொய் சொல்ற ஆளு இல்ல, எனக்குத் தெரியாதா? சனிக்கிழமை சனிக்கிழமை மொய்தீன் கடை மாடியில யாரு மேசையைத் தட்டுனது? 'உண்மைன்னா உண்மை, அதுக்குப் பலன் பாக்காதே'ன்னு.

– அந்த மேசை இப்ப இல்ல, தெரியுமா? மொய்தீன் மகன் எல்லாத்தையும் இடிச்சிட்டு ஏசி ரூம் கட்டிட்டான்.

– பேச்சை மாத்தாதீங்க.

– மாத்தல. ஞாபகம் வந்துச்சு. சந்திரன் அமெரிக்காவுல படிச்சிட்டு வந்த புதுசு. 'பிராக்மாட்டிசம்'னான். காஜா மொய்தீனுக்கு அது வாயில நொழையல. 'என்ன தம்பி, பலன் இருந்தாத்தான் உண்மையா? அப்ப இது சோத்துத் தத்துவம்'னாரு.

– சந்திரண்ணனுக்கு வந்துச்சே கோவம். 'பாய், வசதியா இருக்கிறதெல்லாம் உண்மைன்னு நான் எங்க சொன்னேன்? ஒரு கருத்தை வச்சு நடந்து பாருங்க. நாலு பேரோட சேர்ந்து சோதிச்சுப் பாருங்க. தப்புன்னு தெரிஞ்சா வெக்கப்படாம மாத்திக்குங்க. அவ்வளவுதான்'னு...

– நான் விடுவேனா? 'நாலு பேரும் சேர்ந்து பொய் சொன்னா அது உண்மையாயிடுமா'ன்னேன். அன்னிக்கு நான் கேட்டது இன்னிக்கு நடக்குது பாரு. வாட்ஸ்அப்பைத் தொறந்தா எது பரவுதோ அதான் உண்மை.

– அதுக்கும் பதில் வச்சிருந்தாரே. அப்ப பினாங்குப் பாலம் கட்டிக்கிட்டு இருந்த நேரம். 'பரவுறது வேற, தாங்குறது வேற அலாவுதீனு. பாக்குறதுக்கு எல்லாப் பாலமும் பாலந்தான். லாரி ஏறட்டும், அப்பத் தெரியும்'னாரு.

– வாயடைச்சிடுவான் படவா... எம் பேரன் ஃபிக்ரி இப்ப எல்லாத்தையும் மெஷின்கிட்டதான் கேக்குறான். அது சொல்றது நெசமாடான்னா, 'வேலை ஆகுதுல்ல'ங்கிறான். சந்திரன் பழைய சந்திரனா இருந்திருந்தா ரெண்டு பேரையும் மோத விட்டு வேடிக்கை பாத்திருப்பேன்.

– எங்க வீட்டுக்காரரு வராம சந்திரண்ணன் எங்க மோதப் போறாரு? இவரு வர்ற வரைக்கும் அவரு பேச்சையே ஆரம்பிக்க மாட்டாரே.

– குணா சுங்கை பாக்காப்லேர்ந்து பஸ் புடிச்சு, பட்டர்வொர்த் வந்து, ஃபெரி ஏறி... மூச்சு வாங்க மாடி ஏறி வந்து, 'ஃபெரி லேட்டு'ம்பான். ஃபெரி சரியா வந்த நாள்லயும் அதேதான் சொல்லுவான், திருட்டுப் பய.

– தைப்பூசத்துக்குப் பால்குடம் தூக்குனப்ப நீங்க அவரோட போட்ட சண்டை ஞாபகம் இருக்கா?

– பின்ன? 'சாமி இருக்கா இல்லையான்னு எனக்குத் தெரியாது, ஆனா தண்ணீர்மலை ஏறி எறங்குன வருஷம் நான் கொஞ்சம் நல்ல மனுஷனா இருக்கேன்'னான். எனக்குப் பொறுக்கல. அல்லாஹ் இருக்கான்னா இருக்கான், உன் நல்ல கொணத்துக்கு மருந்தாவா இருக்கான்னு கேட்டேன். ஒரு மாசம் பேசல.

– மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு ரெண்டு பேரும் ஒரே மேசையில சாப்பிட்டீங்க. எனக்கு அதான் சிரிப்பு.

– சிரிப்பே, சிரிப்பே. உன்னைக் கட்டுறதா வேணாமான்னு அவன் வருஷக்கணக்கா இழுத்தப்ப நீ சிரிக்கல.

– அந்தக் கதை இப்ப எதுக்கு?

– நான் பக்கத்துலதானே இருந்தேன். 'இவளை விரும்புறேனா இல்லையான்னே புரியல'ன்னு பொலம்புனான். சந்திரன் சொன்னான்: 'மனசைக் கேக்காதே, உன் காலைக் கேளுடா. கொட்டுற மழையில ஃபெரி ஏறி வர்றியே, என் தத்துவம் கேக்கவா வர்றே?'

– நம்பிக்கை வாயில இல்ல, நடக்குற நடையில இருக்குன்னு அவரு சொல்றது... எங்க கல்யாணமே அதுலதான் நடந்துச்சு. சொல்லுங்க.

– என்னத்தைச் சொல்ல? அப்படிப்பட்டவன்கிட்டப் போயி குணா இல்லன்னு சொல்லி என்ன பலன்? விடேன்.

– பலனா? நீங்களா அண்ணே பலனைப் பத்திப் பேசுறது? எப்பலேர்ந்து கட்சி மாறினீங்க?

– வயசாச்சு.

– வயசானா உங்களுக்குப் பிடிவாதம் கூடும், கொறையாது. போன வாரம் வர்ற வழியெல்லாம் 'இது பாவம், ஒரு நாள் சொல்லித்தான் ஆகணும்'னு திட்டிக்கிட்டே காடி ஓட்டுனது யாரு? திரும்பிப் போறப்ப ஒரு வார்த்தை பேசல. நடுவுல என்ன ஆச்சு?

– ஒண்ணும் ஆகல.

– நான் டீ கலக்கப் போனேன். நீங்க ரெண்டு பேரும் என்னமோ பேசுனீங்க. என்னைப் பாத்ததும் நிறுத்திட்டீங்க.

– ...சொல்ல மாட்டேன்னு அவனுக்கு வாக்குக் குடுத்திருக்கேன்.

– அப்ப சொல்லாதீங்க. நான் உள்ள போறேன். சோத்தைக் குடுங்க.

– இரு நவமணி. கதவைத் தொறக்காதே... அவனுக்குத் தெரியும். குணா போனது சந்திரனுக்குத் தெரியும். என் கையைப் புடிச்சுக்கிட்டான். 'சில நாள் மறந்துடுது, அன்னிக்கு நெசமாவே அவனைத் தேடுறேன். தெளிஞ்ச நாள்ல எல்லாம் தெரியுது. அப்பவும் கேக்குறேன். நான் கேட்டதும் அவ மூஞ்சியைப் பாத்திருக்கியா? அந்த நேரம் அவளுக்குக் குணா ஃபெரியில வந்துக்கிட்டு இருக்கான். அதை நீ எடுத்துடாதே'ன்னான். நாப்பது வருஷமா அவனோட சண்டை போட்டேன் நவமணி. போன வியாழக்கிழமைதான் தோத்தேன்.

– கண்ணைத் துடைச்சுக்குங்க அண்ணே.

– நீ ஏன் அழாம இருக்கே?

– எனக்குத் தெரியும்.

– தெரியுமா? யாரு சொன்னா?

– யாரும் சொல்லல. மறந்த நாள்ல வாசலைப் பாத்துக் கேப்பாரு. தெளிஞ்ச நாள்ல என்னைப் பாத்துக் கேப்பாரு. தீபாவளிலேர்ந்து என்னைப் பாத்துத்தான் நெறைய கேக்குறாரு.

– தெரிஞ்சுக்கிட்டேவா வாரா வாரம்...

– நான் அழுவேன்னு மக அவ அப்பா பேரையே எடுக்கிறதில்ல. பாசார்ல பாக்குறவங்க முட்டிவலியைப் பத்திக் கேக்குறாங்க, அவ்வளவுதான். எங்க வீட்டுக்காரரு எங்கன்னு கேக்குறதுக்கு இந்த ஊர்ல எனக்கு ஒரே ஒரு ஆளு. அதுக்காகத்தான் அண்ணே வந்தேன்.

– அப்ப அவனுக்கும் தெரியும், உனக்கும் தெரியும். பொறகு எதுக்கு இன்னிக்குச் சொல்லியே ஆகணும்னு என்னோட மல்லுக்கட்டுறே?

– எங்க வீட்டுக்காரரு போனதை அவரு தாங்கிட்டாரு அண்ணே. அந்தப் பேச்சோட இதையும் சொல்லிடலாம்னு பாத்தேன். நான் போறதை எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல.