செவலைக்குக் கட்டிய தூக்குவாளி

— நீங்க குமுளி டெலிபோன் பூத்துல நின்னு நாய் மாதிரி குலைச்சது போதும். இன்னைக்காச்சும் பிள்ளைகிட்ட, செவலை செத்துப்போச்சுன்னு சொல்லிருங்க.

— மெதுவாப் பேசு பவுனு. வேல்விழி அடுப்படியில நிக்கிறா. செவலை குரலைக் கேக்கணும்னு ஒத்தக்கால்ல நின்னது யாரு, உன் மகதான? பூத்துக்காரன் மலையாளத்துல வைஞ்சது எனக்குல்ல தெரியும்.

— பதினோரு நாளாச்சு. ஏலத்தோட்டத்துக்குக் காவலுக்குப் போயிருக்குன்னீக. சரின்னேன். காட்டுப்பன்னிய வெரட்டுச்சுன்னீக. அதுக்கும் சரின்னேன். இப்ப அதுக்கு மலையாளம் வேற புரியுதாம்ல.

— அவ கேக்குறா, நான் சொல்றேன்.

— நாளைக்கு சனிக்கிழமை. ஜீப்புல நானும் வாரேன்னு ஏறி உக்காந்தா என்ன செய்வீக?

— தோட்டக்காரர் நெடுங்கண்டத்துக்குக் கூட்டிட்டுப் போயிட்டாருன்னு சொல்லிக்கிருவேன்.

— அடுத்து துபாய்க்கு அனுப்புவீக. உள்ளதச் சொல்லுங்க. ஆறு வயசுப் பிள்ளை, ரெண்டு நாள் அழுதுட்டு வெளையாடப் போயிரும்.

— என்னன்னு சொல்லச் சொல்ற? தோட்டத்துக்கு ஆளு ஏத்துற அவசரத்துல, ஒங்கப்பன் நான்தான் பாக்காம ஜீப்பப் பின்னால எடுத்தேன்னா? என் சத்தம் கேட்டாலே ஓடியார நாயி. அன்னைக்கும் அப்பிடித்தான் ஓடியாந்துச்சு... விடு. ஆளுக ரோட்டுல காத்துக் கெடப்பாக.

— உங்க மக தெனம் நாய்க்குன்னு தூக்குவாளில சோறு குடுத்து விடுறாளே, அத எங்கன கொட்டுறீக?

— கொட்ட மனசு வரல. நானே தின்னுருவேன்.

— நான் கட்டுற சோறு வேணாம்னுட்டு, நாய்க்குக் கட்டுன சோறு கேக்குதாக்கும்.

— அப்பா, இந்தா வாளி. இன்னைக்குத் தயிர்ச்சோறு. செவலை மிச்சம் வைக்கக் கூடாதுன்னு சொல்லுப்பா.

— சொல்றேன்த்தா. நேத்தே வாளிய நக்கி வழிச்சிருச்சு. வரட்டா?

— ஜீப்பு போயிருச்சு. வேல்விழி, இங்கன வா. கையெல்லாம் ஊறுகா வாடை அடிக்குது. நாயி எங்கயாச்சும் நார்த்தங்கா ஊறுகா திங்குமா?

— செவலை திங்காதும்மா.

— பெறகு எதுக்குடி வச்ச?

— செவலை முருங்கைக்கு அடியிலல்ல இருக்கு.

— யாரு சொன்னா உனக்கு?

— யாரும் சொல்லல. அன்னைக்கு நான் சன்னல்ல நின்னேன். அப்பா அதத் தூக்கிட்டுப் போயி, குழி தோண்டி, துண்ட வாயில வச்சுக்கிட்டு அழுதாரு.

— ஆத்தி. அப்ப போன்ல குலைச்சது?

— அப்பாதான். செவலை அப்பிடியா குலைக்கும்? சிரிப்ப அடக்கிக்கிட்டேன்.

— எல்லாம் தெரிஞ்சுக்கிட்டு எதுக்குடி தெனம் நாய்க்குன்னு சோறு கட்டுற?

— நீ கட்டிக் குடுத்த சோறு மொத மூணு நாளும் அப்பிடியே திரும்பி வந்துச்சுல்லம்மா. செவலைக்குன்னு சொன்னாத்தான் அப்பா சாப்பிடுறாரு.