ஞாயிற்றுக்கிழமை அம்மா பேசுவார்

இதனால் கொங்கு மண்டலத்துப் பெருமக்கள் அனைவருக்கும் அறிவிக்கப்படுவது என்னவென்றால்: சென்ற மாதம் இயற்கை எய்திய திருமதி வெங்கடலட்சுமி அம்மாள், வரும் ஞாயிற்றுக்கிழமை காலை, ஆர்.எஸ்.புரத்துக் கல்யாண மண்டபம் ஒன்றில், ஆளுயரத்துக்கு மேல் நிற்கும் எல்.இ.டி. திரையில் தோன்றி, தம் சொந்தக் குரலில் உற்றார் உறவினரை ஆசீர்வதித்துப் பேசுவார். பேச்சுக்குப் பின் வாழையிலைச் சாப்பாடு உண்டு.

ஏற்பாடு அவருடைய ஒரே மகனும் நூற்பாலை அதிபருமான லட்சுமணசாமியுடையது. இறந்தவரைப் பேசவைப்பது இப்போதெல்லாம் பெரிய காரியமில்லை. அவர் குரல் ஒரு நிமிஷம் சுத்தமாகக் கிடைத்தால் போதும், மிச்சத்தைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும் என்று ஸ்டூடியோ பிரவின்குமார் சொல்லியிருந்தார். அம்மாவின் போனில் பேசிய எல்லாக் கால்களும் தாமாகவே பதிவாகிக்கொண்டிருந்த விஷயம், அவர் போன பிறகுதான் வீட்டில் தெரிந்தது. போனை ஸ்டூடியோவுக்குக் கொடுத்தனுப்பியாயிற்று. அம்மா பேச வேண்டிய உரையையும் ஒரு தமிழ்ப் பேராசிரியரிடம் எழுதி வாங்கியாயிற்று. ‘என் இனிய உறவுகளே’ என்று தொடங்கும் அந்த உரையில், வெங்கடலட்சுமி அம்மாள் ஆயுளில் ஒரு முறையும் உச்சரித்திராத சொற்கள் பக்கத்துக்குப் பக்கம் இருந்தன.

வியாழக்கிழமை மதியம் மில் ஆபீசில் லட்சுமணசாமியின் போன் அடித்தது. ஸ்டூடியோ பிரவின்குமார்.

“அலோ... சொல்லுங்க தம்பி. அம்மா பேசிட்டாங்களா?... இன்னும் இல்லீங்களா? ஏனுங்க தம்பி, பத்திரிகை அடிச்சு ஊருக்கெல்லாம் குடுத்தாச்சு. ‘அம்மா பேசுகிறார்’னு தங்க எழுத்துல போட்டிருக்குது... ஆமா... ஆமாங்க... குரல் பத்தலீங்களா? மூணு வருசத்துக் காலு பூராவும் இருக்குதுன்னீங்க?... இருக்குது, செரி. அப்பறம் என்ன?... ஒரு நிமிஷம் இருங்க.”

கதவைத் திறந்துகொண்டு மேனேஜர் ஈஸ்வரமூர்த்தி நின்றார். லட்சுமணசாமி போனை மேஜைமேல் வைத்தார். இது அவர் பழக்கம். பேசிக்கொண்டிருக்கும் ஆளை அப்படியே மேஜைமேல் கிடத்திவிட்டு வேறு வேலை பார்ப்பார். கிடப்பவர்களும் கிடப்பார்கள். முதலாளி அல்லவா?

“சோமனூர்க்காரங்களா? உக்காரச் சொல்லுங்க. நூல் ரேட்டு அப்பறம் பேசிக்கலாம். காப்பி குடுங்க.” போனை எடுத்தார். “ஆங், தம்பி, இருக்கீங்களா?... எங்கூடப் பேசுன கால எடுங்க. எத்தன வேல கெடந்தாலும் அம்மாவுக்கு டெய்லி ஒரு போனப் போட்டுருவேன். மேடையிலயே அதத்தான் சொல்லப்போறேன்... கேட்டீங்களா? எல்லாத்தயுமா?... யாரு பேசறது, நானா?... செரி, நாந்தான் பேசறேன். அம்மா?... ‘ம்’... ‘ஆமா’... அப்பறம்?... ‘செரி, வெச்சரட்டா’... அவ்வளவுதானா? எல்லாத்துலயுமா அப்படி இருக்கும்?... எல்லாத்துலயும்.”

நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

“நான் அப்படி என்னதான் பேசறனுங்க?... பஞ்சு வெலையா... கரண்டு பில்லு... ஜி.எஸ்.டி.யா? அம்மாகிட்டயா?... ஏனுங்க, அந்த ‘ம்’மெல்லாம் சேத்து ஒட்டுனா ஒரு நிமிஷம் வராதுங்களா?... வரும், ஆனா ‘ம்’னுதான் பேசுவாங்களா. செரி செரி, சிரிக்காதீங்க... எம் பொண்ணு மேக்னா காலு இருக்குமே. பேத்தின்னா உசுரு அவங்களுக்கு... அவளுமா? நிறுத்தாமயா?... யாரு மாதிரி? என்னய மாதிரியா?... செரி விடுங்க. எங்கூட்டுக்காரி காலு... வேண்டா. அதக் கேக்கவே வேண்டா.

“என்னது, ஒண்ணு இருக்குதா! நல்லாப் பேசியிருக்காங்களா? பாருங்க, நாஞ் சொல்லல?... யார்கூட?... லோன் பொண்ணா?... பர்சனல் லோன் வேணுமான்னு கூப்புட்ட பொண்ணுகிட்டயா! என்ன பேசறாங்க?... ‘சாப்ட்டியா அம்மணி’... ‘எந்த ஊரு’... ‘நாள் பூராப் பேசுனா தொண்ட நோவாதா’... அம்மாதான் தம்பி. அம்மாவேதான். அப்பறம் என்னத்துக்கு வெச்சாங்க?... ‘எம் பையன் கூப்படற நேரம், லைன வெச்சுரு கண்ணு’... ம்.”

லட்சுமணசாமி போனில் வெறும் ‘ம்’ சொல்லி யாரும் கேட்டதில்லை.

“...பின்னால மிக்ஸி ஓடுதா? பூராவுமா? அப்ப அதும் ஆகாது... ஈரோட்டுல ஒரு பொண்ணா? செவ்வந்தின்னு... ஜவுளிக்கட வெளம்பரத்துக்குப் பேசறவங்களா. வயசானவங்களாட்டப் பேசுவாங்களா... அதெல்லாம் ஆவாதுங்க. எங்கம்மா கொரலு எங்கம்மா கொரலுதான்... எப்படி இருக்கும்னா? எப்படின்னா தம்பி... மெல்லிசா... இல்ல. கனமா... கனம்னும் சொல்ல முடியாது. அம்மா மாதிரி இருக்கும்ங்க.”

கண்ணை மூடினார். அம்மா வந்தார். இடுப்புச் சாவிக்கொத்து முதலில் வந்தது, அப்புறம் அம்மா. மில் கேன்டீன் ரசத்தை உள்ளங்கையில் ஊற்றிக் குடித்துவிட்டு, சமையல்காரரைப் பார்த்து முகம் சுளித்தார். காய்ச்சல் நெற்றியில் வைத்த கையின் வெங்காய வாசனை வந்தது. கைக்குட்டையில் சுற்றி இடுப்பில் செருகிய போன் அடிக்க, முடிச்சு அவிழ்வதற்குள் நின்றுவிடுமோ என்று பதறுகிற விரல்கள் வந்தன. எடுத்துக் காதில் வைத்தார். வாய் அசைந்தது. குரல் வரவில்லை. மறுபடியும் அசைந்தது. வந்தது லட்சுமணசாமியின் குரல், பஞ்சு விலை சொல்லிக்கொண்டு.

“தம்பி... இருங்க. வேற ஏதாச்சும் பாருங்க. நீளமான காலு ஏதாச்சும்... இருக்குதா! எங்கூடயா? அட, அத மொதல்ல சொல்ல வேண்டாமா!... யாருமே பேசலயா? அதெப்படி?... நான் என்ன சொல்லிட்டுப் போறேன்?... ‘ஒரு நிமிஷம் இரும்மா’... செரி... அப்பறம்?... மூச்சு சத்தமா... காக்கா... குக்கரு... நடுவுல ஒரே ஒருவாட்டி என்னமோ சொல்றாங்களா? தெலுங்காட்ட இருக்குதா? ஊட்டுக்குள்ள நாங்க தெலுங்குதானுங்க. ஆபீசுல நாலு பேரு இருப்பாங்கன்னு நாந்தான் போன்ல தமிழ்லயே... போடுங்க. போனக் கிட்ட வெச்சுப் போடுங்க.”

கேட்டார். மறுபடி போடச் சொல்லிக் கேட்டார். கதவுக்கு வெளியே சோமனூர்க்காரர்கள் எதற்கோ சிரித்தார்கள்.

“‘நாயனா... உன்னாவா?’... ஆமா தம்பி. அம்மாதான்... அர்த்தமுங்களா? அது... ஆசீர்வாதம் பண்றாங்க. நல்லா இருன்னு.”

‘கண்ணா, இருக்கிறாயா?’ என்பதுதான் அர்த்தம்.

“கடசீலயா?... திரையில அத மட்டும் ஒரிஜினலாப் போடறீங்களா... வேண்டா! தம்பி, வேண்டா. அழிச்சுப்போடுங்க... இல்ல இல்ல, அழிக்காதீங்க! அதுல கையே வெக்காதீங்க... எனக்கு அனுப்ப வேண்டா. அங்கயே இருக்கட்டும்... தம்பி, அந்தக் கால்ல, அப்பறம் நான் வந்தனா?... வரலயா... யாரு வெச்சது, அம்மாவா?... சார்ஜ் தீந்து நின்னிருக்கும்ங்கறீங்க... அவங்க வெக்கல. ஆமா. வெக்க மாட்டாங்க.”

ஈஸ்வரமூர்த்தி மறுபடி தலையை நீட்டினார். கை தன்பாட்டுக்குப் போனை மேஜைக்குக் கொண்டுபோயிற்று. மேஜையைத் தொடுமுன் நின்றது. லட்சுமணசாமி போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, மேனேஜரை வெளியே போகச் சொல்லிக் கண்ணைக் காட்டினார்.

“தம்பி? இருக்கீங்களா?... அந்த ஈரோட்டுப் பொண்ணையே பேச வெச்சுருங்க... மெல்லிசா, கனமா, எப்படியோ. அவங்களுக்கு வர்ற மாதிரி பேசட்டும்... ஆமா, ‘என் இனிய உறவுகளே’தான்... செரி... செரிங்க... இல்ல, நீங்க வைங்க. நான் வெக்கல. மொதல்ல நீங்க வைங்க... அலோ?... தம்பி?... அலோ?”

லைன் எப்போதோ கட்டாகியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஈரோட்டுச் செவ்வந்தி பேசினார். ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.