காலியாத்தானுங்க போகும்

…காலையில இருந்து கேட்டுக்கிட்டேதான் இருக்கேன். ஒவ்வொருத்தரா எழுந்து மைக்கைப் பிடிச்சு, "இந்த வரலாற்று பாட்காஸ்ட் கேளுங்க, அநியாயத்தைப் புட்டுப் புட்டு வெச்சிருக்காங்க"ன்னு சிபாரிசு பண்றீங்க. நல்ல விஷயம். நானும் நாலைஞ்சு பாட்காஸ்ட் பேரைக் குறிச்சு வெச்சுக்கிட்டேன். இந்த இடத்துல ஒரு சின்னக் கதை சொல்லிக்கறேன். சின்னதுதான்… தலைவர் வாட்சைப் பாக்க வேண்டாம்!

கோயமுத்தூர்ல ஒரு அபார்ட்மெண்ட். ஆறு மாடி. அங்க இருக்கறவங்க உங்களை மாதிரியே. வாட்ஸ்அப்ல ஒரு குரூப் வெச்சிருக்காங்க, பேரு 'வரலாறு கேட்போம்'. மத்த குரூப்ல எல்லாம் குட் மார்னிங் பூ வரும். இந்த குரூப்ல கண்ணீர் வரும்! கோயில் தெருவுல நடக்க விடாத கதை… பொதுக் கிணத்துல தண்ணி எடுக்க விடாத கதை… ஒருத்தர் அனுப்புவாரு, இன்னொருத்தர் "ராத்திரி தூக்கமே வரலைங்க"ன்னு போடுவாரு. அதுக்கு இருபது பேர் கை கூப்புவாங்க.

அந்த குரூப்ல கனகராஜ்னு ஒருத்தர். ரிட்டயர்டு ஆளு, அஞ்சாவது மாடி. ஒருநாள் வாக்கிங் முடிச்சுட்டு வர்றாரு… லிஃப்ட் ரிப்பேர். என்ன பண்றது? காதுல ஹெட்போனை மாட்டிக்கிட்டு, பாட்காஸ்ட் கேட்டுக்கிட்டே படி ஏறறாரு. மூணாவது மாடியில மூச்சு வாங்குது. பாத்தா, படியில ஒரு அம்மா உக்காந்து முழங்காலை நீவி விட்டுக்கிட்டு இருக்காங்க. மயிலாத்தா. ஆறாவது மாடி வீட்ல சமைச்சுப் பாத்திரம் கழுவறவங்க.

நம்ம ஆளுக்கு இரக்கமான மனசு. ஹெட்போனைக் கழட்டினாரு.

"பாவம்மா, இன்னைக்கு லிஃப்ட் ஓடாம உங்களுக்கும் கஷ்டமாப் போச்சு."

அந்தம்மா நிமிந்து பாத்துச்சு. கோபம் எல்லாம் இல்லைங்க. சிரிச்சுக்கிட்டேதான் கேட்டுச்சு.

"எனக்கு என்னைக்குங்க சார் லிஃப்ட் ஓடுச்சு?"

கீழ லிஃப்ட் பக்கத்துல ஒரு போர்டு. 'வீட்டு வேலைக்கு வருபவர்கள் படியைப் பயன்படுத்தவும்.' கனகராஜ் தினமும் அது முன்னாடிதான் நின்னு பட்டனை அமுக்கறாரு! படிச்சதே இல்லை. அவருக்கு எதுக்குப் படிக்கணும்? அவருக்குத்தான் லிஃப்ட் வந்துருதே!

மனுஷன் அந்தம்மா பக்கத்துல படியிலயே உக்காந்துட்டாரு. "இதை நீங்களே சொல்லுங்கம்மா, நான் போன்ல பதிஞ்சு எல்லாருக்கும் போடறேன்"னாரு. "பேரை மட்டும் போட்றாதீங்க சார், இருக்கற வேலையும் போயிரும்"னு வாக்கு வாங்கிக்கிட்டு மயிலாத்தா பேசுச்சு.

"காலியாத்தானுங்க போகும். ஆனாலும் எங்களை அதுல ஏற உடமாட்டாங்க. எழுதியே வெச்சிருக்காங்க. ஒருநாள் முடியாம ஏறிட்டேன், பாதியில எறக்கி உட்டுட்டாங்க. முட்டி வீங்கிப் போச்சுங்க. இந்த மாசத்தோட வேலைய உட்றலாம்னு இருக்கறேன். உட்டா புள்ள படிப்பு நின்னு போயிரும்… அதான் ரோசனையா இருக்குதுங்க."

அவ்வளவுதான். கனகராஜ் அதை அப்படியே 'வரலாறு கேட்போம்' குரூப்ல போட்டாரு. ஒரு வார்த்தை எழுதலை. என்ன ஆச்சு தெரியுமா?

"அருமையான எபிசோடு!" "அந்தம்மா குரல்ல எவ்வளவு வலி!" ஒருத்தர் ஆராய்ச்சியே பண்ணிட்டாரு… "இது ரயில்ல ஃபர்ஸ்ட் கிளாஸ் பெட்டி விவகாரம்னு நினைக்கறேன். வெள்ளைக்காரன் காலமா இருக்கும். முழு லிங்க் அனுப்புங்க சார்!"

சிரிக்கறீங்க. சிரிங்க சிரிங்க. நானும் சிரிச்சேன்.

கனகராஜ் பதில் போட்டாரு. "இன்னைக்குக் காலையில. நம்ம மூணாவது மாடிப் படியில."

கை கூப்பினவங்க கை அப்படியே நிக்குது. கடைசியில அசோசியேஷன் செக்ரட்டரி ஜெகதீசன் வந்தாரு. "யாருங்க அந்தம்மா? எந்த வீட்டு வேலையாளு?" கனகராஜ் வாயைத் திறக்கலை. வாக்குக் குடுத்திருக்காரே!

ஆறாவது மாடி வசுந்தரா டீச்சர்தான் எழுதினாங்க. அந்தப் பதிவைக் கேட்டு மொதல் ஆளா 'கண் கலங்கிருச்சு'ன்னு போட்டவங்களும் அவங்கதான். என்ன எழுதினாங்க தெரியுமா?

"எங்க வீட்டுக்கு வர்றவங்கதான். ஒன்பது வருஷமா வர்றாங்க. மொதல்ல கேட்டப்போ… எனக்குக் குரலே அடையாளம் தெரியலை."

ஒன்பது வருஷம்! அந்தம்மா கையால சாப்பிட்டிருக்காங்க. இவங்க காய்ச்சல்ல கிடந்தப்போ நெத்தியில அந்தம்மாதான் பத்துப் போட்டிருக்கு. குரல் தெரியலை! ஏன்? ஒன்பது வருஷத்துல அந்தக் குரல் அவங்க வீட்ல பேசினது "சரிங்க டீச்சர்" மட்டும்தான்.

டீச்சர் ஸ்க்ரூடிரைவரைத் தூக்கிக்கிட்டு இறங்கினாங்க. ஆறு மாடியும் படியிலதான், வேற வழி? ஒரு ஸ்டூல் மேல ஏறி நின்னு போர்டைக் கழட்டறாங்க. செக்ரட்டரி ஓடி வர்றாரு.

"டீச்சர், பொதுக்குழுவைக் கூட்டாம இப்படிக் கழட்டக்கூடாதுங்க!"

"மாட்டும்போது எந்தப் பொதுக்குழுவைக் கூட்டுனீங்க ஜெகதீசன்?"

மனுஷன் யோசிச்சுப் பாத்தாரு… ஸ்டூலைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டாரு!

மயிலாத்தா வேலைய விடலை. லிஃப்ட் சரியானதும் முதல் நாள் டீச்சரும் அதுவும் ஒண்ணாத்தான் மேல போனாங்களாம்.

ஏன் இதைச் சொல்றேன்? அந்த குரூப்ல இருக்கறவங்க கெட்டவங்களா? இல்லைங்க. நம்மளை மாதிரி நல்லவங்க! அதான் பயமா இருக்கு. அநியாயம் பழசா இருந்தா நமக்கு அழுகை வருது. அதுவே நம்ம பில்டிங்ல இருந்தா… 'ரூல்ஸ்'னு பேரு வெச்சுடறோம்.

பாட்காஸ்ட் கேளுங்க. நாலு பேருக்குச் சொல்லுங்க. வேண்டாங்கலை. ஆனா இன்னைக்கு வீட்டுக்குப் போனதும் உங்க வீட்ல வேலை செய்யறவங்க கிட்ட ஒரே ஒரு கேள்வி கேளுங்க. "இங்க உங்களுக்கு என்னெல்லாம் கூடாதுன்னு வெச்சிருக்கோம்?" அவ்வளவுதான். மொதல்ல "ஒண்ணும் இல்லீங்க"ன்னுதான் சொல்லுவாங்க. எழுந்து போயிடாதீங்க… உக்காந்து இருங்க.