கையில் நகரும் மாலா

“மாலா நகர்ந்துக்கிட்டே இருக்காடா.”

புலாவ் செபாங்கிலிருந்து மலாக்கா செல்லும் பேருந்தில், முன்னிருக்கை இளைஞன் ‘மாலா’ என்று பச்சை குத்திய கையை நண்பனிடம் காட்டினான்.

“மைத் துகள ஒரு செல்லு முழுங்கி வச்சிருக்குமாம். அது செத்தா பக்கத்துச் செல்லு புடிச்சுக்குமாம். தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் சொன்னாரு.”

“பேரு எப்பக் கலையும்?”

“இருவது வருஷம் ஆகும்லா. ஞாயித்துக்கிழமை பொண்ணு பாக்கப் போறேன்.”

“பொண்ணு பேரு?”

“அதுவும் மாலாதான்.”

“அப்புறம் என்ன பயம்? அவளுக்காகக் குத்துனேன்னு சொல்லு.”

“பேருக்குக் கீழ வருஷமும் குத்தியிருக்கேன். அப்பப் பழகுனது வேற மாலா. இவ போட்டோவே போன வாரந்தான் வந்துச்சு.”

நண்பன் கையை உற்றுப் பார்த்தான்.

“அப்ப கீழ உள்ள செல்லுங்கள மட்டும் ஞாயித்துக்கிழமைக்குள்ள பக்கத்துச் செல்லுக்கு மையக் குடுக்காம சாகச் சொல்லு.”